ரைஃபிளில் தூரக் குறி ஏன் தவறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் ரைஃபிள் சுடப் பழகும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டி வரும் பெற்றோரும், முகாமுக்குப் போய்வந்த என்.சி.சி. மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பேசுவது விளையாட்டுச் சுடுதலைப் பற்றி மட்டும்தான். வேட்டை பற்றிக் கேட்பவர்களுக்குக் கடைசிக்கு முந்தைய பதிலில் இரண்டு வரி இருக்கிறது.

தூரம் என்றால் எத்தனை மீட்டர்?

துப்பாக்கியைப் பொறுத்தது. ஏர் ரைஃபிளுக்குப் போட்டித் தூரமே 10 மீட்டர்தான். .22 ரைஃபிளுக்கு (குழல் விட்டம் 0.22 அங்குலம்) 50 மீட்டர். பெரிய ரைஃபிளுக்கு உலகச் சாம்பியன்ஷிப்பில் 300 மீட்டர் இருக்கிறது. ஒலிம்பிக்கில் 1972-க்குப் பிறகு அது இல்லை. இங்கிலாந்தில் பிஸ்லி என்ற இடத்தில் 1000 கஜத்துக்குப் போட்டி நடக்கிறது, அதாவது 914 மீட்டர். 300 மீட்டர் ரைஃபிள்காரர் .22-வின் 50 மீட்டரைப் பார்த்து இதெல்லாம் ஒரு தூரமா என்பார். காற்று அடிக்கிற நாளில் அவரையே அந்த .22-வைப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

பையன் சுட்ட ஐந்தும் இலக்கின் கீழ் இடது மூலையில் விழுந்திருக்கிறது. ஆனால் அவனைப் பாராட்டினார்களாம். ஏன்?

ஐந்தும் ஒரே இடத்தில் விழுந்ததால்தான். என்.சி.சி.யில் ‘குரூப்பிங்’ என்று பார்ப்பது இதைத்தான். ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால், கை, கண், மூச்சு, தோட்டா எல்லாம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வேலை செய்திருக்கின்றன என்று பொருள். மூலையில் இருப்பதை நடுவுக்குக் கொண்டுவர சைட்டை, அதாவது குறி பார்க்கும் அமைப்பை, அதன் திருகில் சில கிளிக் (சில படி) திருப்பினால் போதும். மாறாக, நடுவில் ஒன்று, மேலே ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என்று சிதறியிருந்தால் திருப்புவதற்கு எந்தத் திருகும் கிடையாது. புதிதாக வருகிறவர்கள் நடுவில் விழுந்த அந்த ஒன்றை மட்டும் போட்டோ எடுத்து வாட்சப்பில் போடுவார்கள். போடட்டும், ஆனால் எழுதி வைக்க வேண்டியது ஐந்துக்கும் இடையே எவ்வளவு அகலம் என்பதை.

எம்.ஓ.ஏ., எம்.ஓ.ஏ. என்கிறார்களே, அது என்ன கணக்கு?

‘மினிட் ஆஃப் ஆங்கிள்’ என்ற கோண அளவு. ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது ஏறத்தாழ 2.9 செ.மீ. அகலம், 50 மீட்டரில் அதில் பாதி, 300 மீட்டரில் 8.7 செ.மீ. தூரம் மாறினாலும் கோணம் மாறாது என்பதால் வெவ்வேறு தூரத்துக் குறியை ஒப்பிட வசதி. சைட்டில் ஒரு கிளிக் கால் எம்.ஓ.ஏ. என்றால், 100 மீட்டரில் குண்டு 7 மி.மீ. நகரும்.

இந்த அளவுகோலை வைத்துப் போட்டி இலக்குகளைப் பார்த்தால் சுவாரசியம். 50 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ., அதாவது முக்கால் எம்.ஓ.ஏ.கூட இல்லை. 300 மீட்டரில் அந்த வளையம் 10 செ.மீ., ஒரு எம்.ஓ.ஏ.வுக்குச் சற்று மேல். ஏர் ரைஃபிளின் பத்து என்பது வெறும் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. பெல்லட்டின் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து என்பதால் பெல்லட்டின் மையம் இரண்டரை மி.மீ. வரை விலகலாம். அதற்கு மேல் சலுகை இல்லை.

விலை கூடின ரைஃபிள் வாங்கினால் குறி சரியாகிவிடுமா?

பெற்றோரிடமிருந்து அதிகம் வரும் கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், ஆகாது. 10 மீட்டரில் குறியைக் கெடுப்பது பெரும்பாலும் சுடுகிறவரின் உடம்பு. 50 மீட்டரில் உடம்பும் காற்றும் தோட்டாவும். 300 மீட்டரைத் தாண்டினால் காற்றுதான் முதலாளி, மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால். துப்பாக்கி பழுதில்லாமல் இருக்கிறவரை அது இந்த வரிசையில் கடைசியில்தான் நிற்கிறது. கையில் இருக்கும் பணத்தை முதலில் நல்ல தோட்டாவுக்கும், அளவுக்குச் சரியான ஜாக்கெட்டுக்கும், பயிற்சி நேரத்துக்கும் செலவழியுங்கள். கிளப் ரைஃபிளில் நிலையாகச் சுட வராத பிள்ளைக்கு லட்ச ரூபாய் ரைஃபிள் வாங்கிக் கொடுத்தால், தவறுக்குச் சொல்ல ஒரு சாக்குக் குறையும், அவ்வளவுதான்.

உடம்பு என்றால் குறிப்பாக என்ன? கை நடுக்கமா?

நடுக்கம் எல்லாருக்கும் உண்டு, உலகச் சாம்பியனுக்கும் உண்டு. அளவைப் பாருங்கள்: முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 75 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் சைட் 0.1 மி.மீ. விலகினால், அதாவது ஒரு தலைமுடிப் பருமன் விலகினால், 50 மீட்டரில் குண்டு ஆறரை மி.மீ.க்கு மேல் தள்ளிப் போகும். கையின் வலுவால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. எலும்பின் மேல் துப்பாக்கியை உட்கார வைப்பதுதான் வழி. படுத்துச் சுடும்போது ஸ்லிங் வாரும் இடது முழங்கையும் எடையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். தசை ஓய்வாக இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. குறி பார்த்துப் பிடியுங்கள், கண்ணை மூடுங்கள், இரண்டு முறை மூச்சு விடுங்கள், திறந்து பாருங்கள். சைட் இலக்கை விட்டு விலகியிருந்தால் உடம்பு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் தசையால் இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள். அப்போது கையால் திருப்பக் கூடாது. இடது முழங்கையை அப்படியே வைத்துக்கொண்டு இடுப்பையும் காலையும் நகர்த்தி, முழு உடம்பையும் இலக்கின் பக்கம் திருப்ப வேண்டும்.

அப்புறம் ட்ரிக்கர். அழுத்திய நொடியே தலையைத் தூக்கி எங்கே விழுந்தது என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் முகாமில் பாதிப் பேருக்கு இருக்கும். குண்டு குழலை விட்டு வெளியேறச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி ஆகும். தலையைத் தூக்குவது அதற்குப் பிறகுதானே என்று வாதாடுவார்கள். தூக்க வேண்டும் என்ற எண்ணம் முன்பே தோளுக்கு வந்துவிடுகிறது. கன்னம் துப்பாக்கியின் கட்டையை விட்டு விலகத் தொடங்கிவிடுகிறது. சுட்ட பிறகும் ஓரிரு நொடி அப்படியே சைட்டைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மூச்சை எவ்வளவு நேரம் அடக்க வேண்டும்?

அடக்கவே வேண்டாம். இயல்பாக வெளியே விட்ட பின் அடுத்த மூச்சுக்கு முன் ஓர் இடைவெளி வருமே, அதைக் கொஞ்சம் நீட்டினால் போதும். எட்டுப் பத்து நொடிக்குள் சுட முடியவில்லை என்றால் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அதற்கு மேல் போனால் கண் மங்கத் தொடங்கும்.

காற்று இவ்வளவு பெரிய விஷயமா? 50 மீட்டரில்கூடவா?

ஆம். கணக்கோடு சொல்கிறேன்.

போட்டிக்குச் சுடும் .22 தோட்டாவின் குண்டு நொடிக்கு 325, 330 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 50 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.16 நொடி. காற்றின் வேகத்தை இந்த நேரத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அப்படியில்லை. காற்றுத் தடையே இல்லாத வெற்றிடத்தில் ஆகும் நேரத்துக்கும் உண்மையில் ஆன நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பெருக்க வேண்டும். இங்கே அந்தத் தாமதம் ஏறத்தாழ 0.006 நொடி. பக்கவாட்டில் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்குப் 11 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் விலகல் 18 மி.மீ. சட்டைக் காலரை மெல்ல அசைக்கும் காற்று அது. பத்தில் விழ வேண்டியது எட்டுக்குப் போய்விடும்.

இந்தத் தாமதக் கணக்கு இன்னொரு விசித்திரத்தையும் விளக்குகிறது. அதிவேக .22 தோட்டா காற்றுக்குக் குறைவாக விலகும் என்று கடையில் சொல்வார்கள். உண்மை தலைகீழ். ஒலியின் வேகத்தை ஒட்டிய பகுதியில் காற்றின் தடை திடீரென ஏறுவதால், வேகமான குண்டு அதிகமாக இழுபடுகிறது, தாமதம் கூடுகிறது, விலகலும் கூடுகிறது. போட்டித் தோட்டாக்களை ஒலி வேகத்துக்குக் கீழேயே வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

திசையையும் பார்க்க வேண்டும். நேர் பக்கவாட்டுக் காற்று முழு விளைவைத் தரும். 45 டிகிரி சாய்வில் வந்தால் எழுபது சதவீதம், 30 டிகிரியில் பாதி. முகத்துக்கு நேராக வரும் காற்று பக்கவாட்டில் தள்ளாது. ஆனால் அந்தக் காற்று சற்றே இடமும் வலமும் ஆடினால் குண்டும் இருபுறமும் ஆடும். அதனால் நேர் காற்றில் சுடுவதுதான் பலருக்குக் கடினம். இன்னொன்று: வலப்பக்கமாகச் சுழற்றும் குழலில், வலமிருந்து வரும் காற்று குண்டை இடப்பக்கம் தள்ளுவதோடு கொஞ்சம் மேலேயும் தூக்கும். இடமிருந்து வந்தால் வலப்பக்கம், கொஞ்சம் கீழே. .22-வில் ஓட்டைகள் சாய்கோடாகப் பரவுவது இதனால்தான். இதைத் தெரியாமல் மூச்சில் கோளாறு என்று பிள்ளையைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்துக் காற்றை எப்படிப் படிப்பது?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை நம்பி ஆடியில் பயிற்சியே வேண்டாம் என்பார்கள். என் கருத்து வேறு. ஆடியில் மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும் காற்று பலமானது, ஆனால் ஓரளவு சீரானது. சீரான காற்றுக்கு சைட்டைத் திருப்பிவிட்டுச் சுடலாம். தொல்லை தருவது சித்திரை, வைகாசியில் திடீரென்று கிளம்பி, சுழன்று, அடங்கிவிடும் காற்றுதான்.

நம் நிலத்தின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. ஒரு பக்கம் பாறைக் கரடு, மறுபக்கம் மாந்தோப்பு என்ற இடத்தில் காற்று ஒரே திசையில் வராது. கரட்டில் மோதித் திரும்பும், தோப்பின் மேலே ஏறி இந்தப் பக்கம் இறங்கும். மாமரத்தின் உச்சிக் கிளை கிழக்கே சாயும்போது தரையை ஒட்டிய புல் மேற்கே சாய்வதைக் கவனித்திருப்பீர்கள். குண்டு போகும் உயரத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

அதற்கு, குச்சியில் கட்டிய மெல்லிய துணி ரிப்பனை விட நல்ல கருவி இல்லை. 10 மீட்டரில் ஒன்று, 30 மீட்டரில் ஒன்று, குழலின் உயரத்தில் நட்டு வையுங்கள். முன்னது இடப்பக்கம் 45 டிகிரி தூக்கி ஆடுகிறது, பின்னது தொங்குகிறது என்றால் எதை நம்புவது? முன்னதை. சுடுகிறவருக்கு அருகே குண்டு வாங்கும் சிறு சாய்வு மிச்சத் தூரம் முழுக்கப் பெருகும். இலக்குக்கு அருகே வாங்கும் சாய்வுக்கு வளர இடமில்லை. பிறகு ஒரு நிலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். முன் ரிப்பன் 45 டிகிரி என்றால் அந்த நிலைக்கு சைட்டைச் சரி செய்து, அது திரும்ப வரும்போது மட்டும் சுடுங்கள். மற்ற நேரத்தில் விரல் ட்ரிக்கருக்கு வெளியே இருக்கட்டும். காத்திருக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் 50 மீட்டரில் மதிப்பெண் ஏறுகிறது.

300 மீட்டரில் எவ்வளவு தள்ளும்?

.308 போன்ற பெரிய குண்டுக்கு, நொடிக்கு நாலரை மீட்டர் பக்கக் காற்றில் 15 செ.மீ.க்கும் மேல். பத்து வளையமே 10 செ.மீ.தான். 1000 கஜத்தில் அதே காற்று மீட்டர்க் கணக்கில் தள்ளும்.

வெயிலில் இலக்கு மிதக்கிற மாதிரி தெரிகிறதே?

கானல். சூடான தரையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைப்பதால், நீங்கள் பார்க்கும் கறுப்பு வட்டம் அது இருக்கும் இடத்தில் இல்லை. பங்குனி முதல் வைகாசி வரை காலை ஒன்பதரைக்கு மேல் இதற்குத் தப்ப முடியாது. ஸ்பாட்டிங் ஸ்கோப் (இலக்கைப் பார்க்கும் தொலைநோக்கி) வைத்திருப்பவர்களுக்கு இது தொல்லை மட்டுமல்ல, செய்தியும்கூட. இலக்கிலிருந்து குவியத்தைக் கொஞ்சம் முன்னால் இழுத்தால் அலைகள் ஓடும் திசை தெரியும். நேராக மேல்நோக்கிக் கொதித்தால் காற்று இல்லை, அல்லது உங்களை நோக்கியோ விலகியோ அடிக்கிறது. சாய்ந்து ஓடினால் மெல்லிய பக்கக் காற்று. தட்டையாக ஓடினால் வலுத்துவிட்டது. கொதிக்கிற நேரத்தில் சுடாதீர்கள், அது எந்தப் பக்கமும் உடையும்.

சுடச்சுடக் குழலும் சூடாகி ஸ்கோப்பின் முன்னாலேயே கானலைக் கிளப்பும். குழலின் மேல் ஒரு பட்டைத் துணியை நீளவாக்கில் கட்டுவார்களே, அது இதற்காகத்தான்.

ஓசூரில் சரி செய்த ரைஃபிள் கிருஷ்ணகிரியில் மாறிச் சுடுமா?

நல்ல கேள்வி. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டி. 400 மீட்டர் இறங்கினால் காற்றின் அடர்த்தி நான்கு, ஐந்து சதவீதம் கூடும். அடர்ந்த காற்றில் குண்டு கூடுதலாக இழுபடும். ஆனால் வெப்பம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஓசூரில் காலை 22 டிகிரி, கிருஷ்ணகிரியில் மதியம் 35 டிகிரி என்று வையுங்கள். அந்தச் சூடு அடர்த்தியை நான்கு சதவீதம் குறைத்துவிடும். கணக்குப் போட்டால் இரண்டும் கிட்டத்தட்டக் கழிந்துபோய், ஏறக்குறைய ஒரே அடர்த்தி வருகிறது. ஓசூரின் குளிர்ந்த காலையிலிருந்து ஓசூரின் சூடான மதியத்துக்குப் போவதுதான் பெரிய மாற்றம்.

50 மீட்டரில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. 300-ல் மிகச் சிறிது. 1000 கஜத்தில் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். ஈரப்பதம் பற்றியும் கேட்பார்கள்: ஈரக் காற்று உலர்ந்த காற்றை விடச் சற்று லேசானது, விளைவு மிகச் சிறியது, மறந்துவிடலாம்.

மறக்கக் கூடாதது, தோட்டாவின் சூடு. பைக் பெட்டியிலோ கார் கண்ணாடிக்கு அடியிலோ வெயிலில் கிடந்த தோட்டாவின் மருந்து வேகமாக எரியும், குண்டின் வேகம் மாறும். நிழலில் ஒரு துணிப்பைக்குள் வையுங்கள். சூடான குழலுக்குள் தோட்டாவை ஏற்றிவிட்டுக் காற்றுக்காக நிமிடக் கணக்கில் காத்திருக்காதீர்கள். காற்று வரும்போது ஏற்றிக்கொள்ளலாம்.

எல்லா .22 தோட்டாவும் ஒன்றுதானே? விலை ஏன் இவ்வளவு வித்தியாசம்?

விலை வேகத்துக்காக அல்ல, ஒரே மாதிரி இருப்பதற்காக. கிளம்பும் வேகம் ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசப்பட்டால் 50 மீட்டரில் குண்டு விழும் உயரம் 7, 8 மி.மீ. மாறும். ஒரு வளையம் போச்சு, அதுவும் நீங்கள் ஒரு தவறும் செய்யாமல்.

.22-வில் தீப்பொறி மருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும். அது ஒவ்வொன்றிலும் சமமாகப் பரவுவது எளிதல்ல. அதனால் ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விலை என்றாலும், தயாரித்த தொகுதி எண் மாறினால் குணம் மாறலாம். அதைவிட வேடிக்கை, ஒரு குழலுக்குப் பிடித்த தொகுதி பக்கத்து ரைஃபிளுக்குப் பிடிக்காது. பெரிய போட்டிக்காரர்கள் ரைஃபிளைப் பிடிச்சட்டத்தில் இறுக்கி வைத்துப் பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, ஒத்துப்போவதை மொத்தமாக வாங்குகிறார்கள். நமக்கு அவ்வளவு வசதி வேண்டாம். கிடைக்கிற இரண்டு மூன்று தொகுதிகளைப் படுத்த நிலையில், காற்றில்லாத காலையில், ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். பெட்டி மூடியில் உள்ள எண்ணை எழுதி வைத்துக்கொண்டு அதே எண்ணைக் கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

ஏர் ரைஃபிள் பெல்லட்டில் தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 என்று பெட்டியில் எழுதியிருக்கும். அதே சோதனைதான். ஓரம் நசுங்கியதைத் தனியே எடுத்துப் போடுங்கள்.

குழலுக்குள் முறுக்குக் கோடு எதற்கு?

குண்டைச் சுழற்ற. சுழலும் குண்டு முனையை முன்னால் வைத்தபடியே போகும், இல்லாவிட்டால் குட்டிக்கரணம் அடிக்கும். .22-வில் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. நீளமான, கனமான குண்டுக்கு இன்னும் நெருக்கமான முறுக்கு வேண்டும். .308-க்கு 12 அல்லது 10 அங்குலம்.

முறுக்கில்லாத குழலில் உருண்டைக் குண்டு குழல் சுவரில் உரசிக் கண்ட திசையில் சுழன்றபடி வெளியே வரும், காற்றில் வளைந்து போகும். இதை 1740-களில் சோதனை செய்து விளக்கியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேலை செய்ய வந்து, 1751-ல் காய்ச்சலில் இறந்தது நம் கடலூரில், செயின்ட் டேவிட் கோட்டையில். ரைஃபிளுக்கும் கடலூருக்கும் ஏதோ பொருத்தம் போல. ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் பிறந்ததும் அங்கேதான்.

மலையோரக் கிராமங்களில் பேசப்படும் நாட்டுத் துப்பாக்கியின் ‘அசாத்தியக் குறி’ கதைகளை ராபின்ஸை நினைத்துக்கொண்டு கேளுங்கள். முறுக்கில்லாத குழல், கையால் இடித்த மருந்து. உரிமமில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம் என்பது தனி.

துப்பாக்கியில் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

திடீரென்று சிதறல் கூடினால் முதலில் கட்டையையும் குழலையும் இணைக்கும் திருகுகளைப் பாருங்கள், பிறகு சைட் அல்லது ஸ்கோப்பைப் பிடிக்கும் திருகுகளை. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். குழல் கட்டையைத் தொடாமல் இருக்க வேண்டும். ஒரு தாளைக் குழலுக்கு அடியில் விட்டு இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். மரக்கட்டை ஐப்பசி மழையில் ஈரம் குடித்து உப்பினால் தாள் மாட்டும். குழல் வாயின் விளிம்பு அடிபட்டிருந்தால் குண்டு வெளியேறும் கடைசிக் கணத்தில் பின்னாலிருந்து வரும் வாயு ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். துப்பாக்கியை வாய்ப்பக்கம் தரையில் ஊன்றி வைக்காதீர்கள்.

சுத்தம் செய்த பிறகு முதல் சில குண்டுகள் தள்ளித்தான் விழும். அவற்றைப் பயிற்சிக் குண்டாகக் கழித்துவிடுங்கள்.

ஸ்கோப் போட்டால் நல்லதா?

ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப் கிடையாது. பின்னால் ஊசித்துளை, முன்னால் வளையம், அவ்வளவுதான். ஸ்கோப் பெரிதாகக் காட்டும், உங்கள் நடுக்கத்தையும் சேர்த்து. கண்ணை இடவலமாக அசைத்தால் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்ந்தால் அந்தத் தூரத்துக்கு அது சரியாகக் குவியவில்லை. அதற்கான வளையத்தைத் திருப்பிச் சரி செய்யுங்கள். கன்னத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைப்பது இரண்டுக்கும் பொது.

ரைஃபிள் கொஞ்சம் சாய்ந்திருந்தால் என்ன, குறி நேராகத்தானே இருக்கிறது?

50 மீட்டரில் .22 குண்டு குழலின் நேர்க்கோட்டிலிருந்து ஏறத்தாழ 12 செ.மீ. கீழே இறங்குகிறது. அதை ஈடுகட்டத்தான் சைட் குழலைக் கொஞ்சம் மேல்நோக்க வைத்திருக்கிறது. ரைஃபிளை 5 டிகிரி வலப்பக்கம் சாய்த்தால் அந்த ‘மேல்’ வலப்பக்கம் சாய்ந்துவிடும், குண்டு ஒரு செ.மீ. வலப்பக்கம் போகும். சாய்த்துப் பிடிப்பது தவறில்லை, பலருக்கு அதுதான் வசதி. ஒவ்வொரு முறையும் அதே சாய்வு இருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி மலைமேல் நின்று கீழே குறி பார்த்தால் குண்டு தாழப் போகுமா, உயரப் போகுமா?

இயற்பியல் கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மேலிருந்து கீழே சுட்டாலும், கீழிருந்து மேலே சுட்டாலும், குண்டு நினைத்ததை விட உயரத்தான் போகும். ஈர்ப்பு விசை குண்டின் பாதைக்குக் குறுக்கே முழுதாக வேலை செய்வது கிடைத்தளத் தூரத்தின் அளவுக்குத்தான். 30 டிகிரி சரிவில் 300 மீட்டர் என்றால் 260 மீட்டருக்கு உரிய சைட் போதும்.

பூமி சுழல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்பது. நாம் இருப்பது 12 டிகிரி வட அட்சத்தில். 50 மீட்டரில் பக்கவாட்டு விளைவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 1000 மீட்டரிலேயே இரண்டரை செ.மீ.தான். முதலில் ரிப்பனைப் பாருங்கள்.

ஓட்டைகளைப் பார்த்துக் குறையைச் சொல்ல முடியுமா?

ஓரளவு. மேலும் கீழுமாக நீண்டால் மூச்சு அல்லது தோட்டா வேகம். இடவலமாக நீண்டால் காற்று அல்லது ட்ரிக்கரைப் பக்கவாட்டில் இழுப்பது. இரண்டு தனிக் கூட்டமாகப் பிரிந்தால் ஏதோ திருகு ஆடுகிறது, இல்லையென்றால் இடையில் உடம்பு நகர்ந்திருக்கிறது. ஆனால் மூன்று குண்டை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மூன்று நெருங்கி விழுவது தற்செயலாகவும் நடக்கும். பத்துக் குண்டு சுட்டால்தான் அகலத்தை நம்பலாம்.

ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டுமா? தோப்பில் சுட்டுப் பழகலாமா?

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் (4.5 மி.மீ.) ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். அதைத் தாண்டினால் வேண்டும். .22-வுக்குக் கட்டாயம் வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தோப்பில் கூடாது. பெல்லட் பாறையில் பட்டுத் திரும்பும், .22 குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும், பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே கூடாது. பறவை, முயல், பன்றி என்று தொடங்கினால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது.

பக்கத்தில் 50 மீட்டர் ரேஞ்ச் இல்லை. எப்படிப் பழகுவது?

10 மீட்டருக்கு ஒரு நீளமான அறையும், பின்னால் சரியான தடுப்பும், மேற்பார்வைக்குப் பயிற்சியாளரும் போதும். ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவின் 2008 தங்கமும் ககன் நரங்கின் 2012 வெண்கலமும் 10 மீட்டரில் வந்தவைதான். 50 மீட்டருக்கான உடம்புப் பயிற்சியில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். வீட்டில் வெற்றுத் துப்பாக்கியோடு பழகலாம்: குழலில் ஒன்றுமில்லை என்று இருவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும், தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது, சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைப் பார்த்து ட்ரிக்கர் அழுத்த வேண்டும். உங்கள் ரைஃபிளில் வெறுமனே அழுத்தினால் ஊசி கெடுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், சில .22-களில் கெடும்.

காற்றைப் படிக்கப் பழகுவதற்குத் துப்பாக்கியே தேவையில்லை. வயல் வரப்பில் இரண்டு ரிப்பன் குச்சிகளை நட்டு, முன்னது மாறிய எத்தனை நொடிக்குப் பிறகு பின்னது மாறுகிறது என்று எண்ணிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும்.